‘சின்ன சேஞ்ச்தான்’ என்பதற்கு முன்

வெப்சைட் செய்து கொடுப்பவரா நீங்கள்? கிளையன்ட் “சிம்பிளா ஒரு வெப்சைட்” என்றதும் ரேட் சொல்லிவிடாதீர்கள். என்னென்ன பக்கங்கள், டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளம் இருக்கும் சர்வர் இடம்) யார் பெயரில், வருடா வருடம் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்று முதலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

வேலை இழுப்பது பெரும்பாலும் டிசைனால் அல்ல, கிளையன்ட்டிடமிருந்து கன்டென்ட் (தளத்தில் போட வேண்டிய எழுத்தும் படங்களும்) வராததால். அதற்கும் தேதி குறியுங்கள். லோகோவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புவார்கள், சுருங்கி மங்கிவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி ஃபைலை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் 50 சதவீதம், டிசைன் ஓகே ஆனதும் 25, மீதி லைவ் ஆக்கும் முன். லைவ் ஆனபின் போனை யார் எடுப்பார்?

திருத்தம் 2 சுற்றுதான். ஒவ்வொன்றும் ஒரே மெயிலில், ஒரே ஆளிடமிருந்து. இல்லையென்றால் பார்ட்னர் நீலம் கேட்பார், மச்சான் சிவப்பு கேட்பார். பேனர் நிறம் மாற்றுவது திருத்தம். பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி) சேர்ப்பது புது வேலை, அதற்குத் தனி கொட்டேஷன்.