உளைவுக் குளிசை வாங்க முதல் கிளினிக் கொப்பியைப் பாருங்கள்

கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ ஒரு பார்மசி வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "முழங்கால் உளைவுக்கு நாலு குளிசை தாங்க" என்று கேட்டு வாங்கிப் போகும் வயதானவர்களைக் காணலாம். கொடுப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். அட்டையை வெட்டிக் கொடுப்பதால் பெயர் பாதி போய், "னாக் 50" என்று மட்டும் மிஞ்சி இருக்கும். அதே ஆளுக்குப் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி இருக்கும், ஆனால் குளிசை விற்றவர் கொப்பியைப் பார்க்கவில்லை, கொப்பியில் எழுதும் டொக்டருக்குக் குளிசை தெரியாது. இந்தக் குளிசைகள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் கிடக்கும் உளைவுக் குளிசைகளை எல்லாம் எடுத்துப் பெயர் பாருங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ரொக்சென், மெலொக்சிகாம், செலிகொக்சிப், எட்டோரிகொக்சிப் எல்லாம் ஒரே குடும்பம், இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது. சின்னக் கடதாசிக் கவரில் பெயர் இல்லாமல் தந்திருந்தால் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். ஊசியாக ஏற்றினாலும் மலவாசலில் வைத்தாலும் டைக்ளோஃபெனாக் இரத்தத்தில்தான் கலக்கிறது. பனடோல் (பரசிட்டமோல்) இந்தக் குடும்பம் இல்லை.

இதயத்துக்கு இதனால் என்ன? வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின்களை இந்த மருந்துகள் தடுக்கின்றன. ஆனால் இரத்தக்குழாயை விரித்து வைப்பதும், இரத்தம் கட்டிபடாமல் பார்ப்பதும், சிறுநீரகம் உப்பை வெளியேற்ற உதவுவதும் அதே வகைப் பொருட்கள்தான். ஆகவே உளைவு குறைகிற நேரத்திலேயே உடம்பில் உப்பும் நீரும் தேங்கிப் பிரஷர் ஏறலாம், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வாய்ப்புக் கூடலாம். வயொக்ஸ் என்ற பெயரில் விற்ற ரோஃபெகொக்சிப்பை 2004இல் உலகம் முழுக்க மீளப் பெற்றது இதனால்தான்.

அளவையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும். 2013இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, நாளுக்கு 150 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக்கை 1000 பேர் ஒரு வருடம் எடுத்தால், எடுக்காதவர்களை விட சுமார் 3 பேருக்கு மேலதிகமாக மாரடைப்புப் போன்ற பெரிய பாதிப்பு வரும், அதில் ஒருவர் இறக்கலாம். இது சராசரிக் கணக்கு. சுகதேகியான 45 வயதுக்காரர் இரண்டு மூன்று நாள் போடுவதும், ஸ்டென்ட் வைத்த 70 வயதுக்காரர் மாதக்கணக்கில் போடுவதும் ஒன்றல்ல. ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, கால் இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் அதே 2013இல் அறிவித்துவிட்டது. பிரஷர் கட்டுப்படாதவர் எட்டோரிகொக்சிப் பக்கம் போகவே கூடாது. கொஞ்ச நாள்தானே என்றும் இருந்துவிட முடியாது, முதல் சில வாரங்களிலேயே ஆபத்துக் கூடலாம்.

இனிக் கொப்பியைத் திறங்கள். எனலாப்ரில் அல்லது லொசார்டன் என்ற பிரஷர் குளிசை, அதோடு ஃபுரோசமைட் மாதிரி சலம் போக்கும் குளிசை ஏதும் இருந்தால், மூன்றாவதாக உளைவுக் குளிசையும் சேரும்போது சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம், அதிலும் வயல் வெட்டுக் காலத்தில் வெயிலில் நின்று தண்ணீர் காணாத உடம்புக்கும் வயிற்றோட்டம் வந்த உடம்புக்கும் கேட்கவே வேண்டாம். இதயத்துக்குச் சின்ன அஸ்பிரின் போடுபவர்களுக்கு இபுப்ரோஃபென் அதன் வேலையைக் கெடுக்கக்கூடும், அதற்காக அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் வோஃபரின், குளோபிடோகிரல் போடுபவருக்கு இரத்தப் பெருக்கு ஆபத்து வேறு. அப்புறம் ஒன்று, "காஸ்ட்ரிக் குளிசையும் சேர்த்துத்தான் போடுறன்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒமெப்ரசோல் வயிற்றைக் காக்கும், இதயத்தைக் காக்காது.

முழங்காலும் கைவிரலும்தான் பிரச்சினை என்றால் பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் தொடங்குவதே நல்லது, குளிசையோடு பார்க்கும்போது இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். பனடோல் சிலருக்குக் கேட்கும், 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் வேண்டாம், ஈரல் வருத்தம் உள்ளவரும் மெலிந்தவரும் அதையும் கேட்டுத்தான் போட வேண்டும். தொடையைப் பலப்படுத்தும் பயிற்சியை பிசியோதெரபியில் காட்டித் தருவார்கள். காலையில் விரல்கள் விறைத்து வீங்கும் ருமட்டொயிட் வாதம் என்றால் கதையே வேறு, அந்த அழற்சியே இதயத்தைப் பாதிக்கும், அதனால் நோவை மட்டும் அமர்த்தாமல் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துக்கு கிளினிக் போங்கள்.

அப்படியும் குளிசை வேண்டும் என்று டொக்டர் சொன்னால் எது, எவ்வளவு, எந்தத் திகதியில் நிறுத்துவது என்ற மூன்றையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இதயத்துக்கு நாப்ரொக்சென் ஓரளவு பரவாயில்லை, ஆனால் வயிற்றுக்குக் கூடாது. செலிகொக்சிப்பை மிதமான அளவில் கொடுத்துப் பார்த்து 2016இல் வந்த ஆய்வில் அது நாப்ரொக்சென், இபுப்ரோஃபென் இரண்டையும் விட இதயத்துக்கு மோசமாக இருக்கவில்லை. எது எழுதினாலும் ஓரிரு வாரத்தில் பிரஷரை அளந்து பாருங்கள். காலில் செருப்பு வார் அழுந்திய தடம் பள்ளமாக நின்றாலோ, நிறை சட்டென்று ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ குளிசையை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள். காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம், இந்தக் குளிசைகளைத் தொடவே வேண்டாம். நெஞ்சு இறுகி வியர்த்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் இழுத்தாலோ ஓட்டோ தேடிக்கொண்டு நிற்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், போட்ட குளிசை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.