ஆட்குறைப்புக்கு முன்: ஒரு சாமுராய்ப் பிரபுவின் சிக்கன முறை

பழைய ஜப்பானின் போர்வீரர் வகுப்பினரான சாமுராய்களின் நெறிகளைத் தம் நிறுவனத்தில் கையாள விரும்புவோர், எந்தக் காலத்துச் சாமுராயைப் பின்பற்றுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தலைவனுக்காக உயிரையே விடும் பற்று படிக்கச் சுவையானதுதான். ஆனால் 1942 முதல் 1945 வரை வாளேந்திய ஜப்பானிய அதிகாரிகளின் ஆட்சியைக் கண்ட சிங்கப்பூரில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை அமைக்கும் கொடிய வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கையில், கேள்வி கேட்காத கீழ்ப்படிதலை ஊழியர்களிடம் எதிர்பார்ப்பது தகாது. நமக்கு உதவுவது அதற்கு வெகு முந்தைய அமைதிக்காலம். 17ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்தபின், சாமுராய்களில் பலர் அரிசியை ஊதியமாகப் பெற்று, கணக்கும் நிர்வாகமும் பார்த்த அலுவலர்களாயினர்.

அவர்களுள் உயெசுகி யோசானையே நான் பரிந்துரைப்பேன். கடனில் மூழ்கியிருந்த யொனெசாவா சிற்றரசுக்கு 1767இல் பதின்ம வயதில் தலைவரான அவர், 1,500 ரியோவாக (அக்காலப் பொன் நாணயம்) இருந்த தம் ஆண்டுச் செலவை 209 ரியோவாகக் குறைத்தார். பட்டாடையை விட்டுப் பருத்தி உடுத்தினார். உணவை ஒரு சூப், ஒரு தொடுகறி என்று சுருக்கினார். மற்றவர்களைச் சிக்கனமாக இருக்கச் சொன்னதற்கு இதுவே அவருடைய தகுதி.

சிராங்கூன் சாலையில் கடை வாடகை உயர்ந்தாலும், கட்டுமானக் குத்தகைகள் குறைந்தாலும், நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான்: நிறுவனக் கணக்கிலிருந்து உங்களுக்காகச் செலவாகும் அனைத்தையும், அதாவது இயக்குநர் ஊதியம், வாகன உரிமைச் சான்றிதழ் உட்பட காரின் செலவு, மன்ற உறுப்பினர் கட்டணம், விருந்துகள் ஆகியவற்றை, ஒரே தாளில் எழுதுங்கள். அவற்றில் வெட்டவேண்டியதை வெட்டி, எவ்வளவு வெள்ளி குறைந்தது என்பதை ஊழியர் கூட்டத்தில் தொகையோடு சொல்லுங்கள். மிகைநேர வேலையைக் குறைப்பது பற்றிய பேச்சு அதன் பிறகே எழலாம். சட்டப்படி செலுத்தவேண்டிய மத்திய சேமநிதித் தொகை இந்தப் பட்டியலின் பக்கமே வரக்கூடாது.

எதிர்ப்பு பெரும்பாலும் மேல்மட்டத்திலிருந்தே வரும். 1773இல் மூத்த பிரதானிகள் எழுவர் சீர்திருத்தத்தைக் கைவிடுமாறு யோசானிடம் நீண்ட மனு ஒன்றைக் கொடுத்தனர். அவர் உடனே சினந்து ஆணையிடவில்லை; அக்குறைகள் உண்மையா என்று மற்ற அலுவலர்களை விசாரித்து, இல்லை என்று தெரிந்த பின்னரே, சில நாள்களுக்குள் தீர்ப்பளித்தார். அந்தத் தண்டனைகளில் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் ஆணையும் இருந்தது. அதை அந்த நூற்றாண்டிலேயே விட்டுவிடுவோம். விசாரணை முறை மட்டும் நமக்குப் போதும். மேலாளர்கள் ஒன்றுகூடி வந்து, "ஆட்கள் எல்லாரும் அதிருப்தியில் இருக்கிறார்கள்" என்றால், மேற்பார்வையாளர், ஓட்டுநர், காசாளர் எனத் தனித்தனியே கேளுங்கள். குறை உண்மையானால் திட்டத்தைத் திருத்துங்கள். இல்லையெனில் முடிவை வாரக்கணக்கில் இழுக்காமல் காரணத்தோடு அறிவியுங்கள்.

சிக்கனம் கஞ்சத்தனமாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாமுராய்க் குடும்பத்துப் பெண்கள் நெசவில் ஈடுபட ஊக்குவித்த யோசான், கடன் தீராதபோதே 1776இல் பள்ளி ஒன்றையும் நிறுவினார். வருமானம் குறைந்த ஆண்டில் பயிற்சிச் செலவை முதலில் நீக்கும் நம்மவர் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வேலை குறைந்த வாரங்களே ஊழியர்களை அரசின் திறன்மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வகுப்புகளுக்கு அனுப்ப ஏற்றவை.

குடும்ப நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பொறுப்பை ஒப்படைக்கும் விதம். யோசான் 1785இல், முப்பதுகளிலேயே பதவி விலகி, அடுத்தவருக்கு மூன்று விதிகளை எழுதித் தந்தார். நாடு முன்னோரிடமிருந்து பெற்றுச் சந்ததியிடம் கொடுக்கப்படுவது, தலைவனின் சொந்த உடைமையன்று; மக்களும் அவனுடைய உடைமையல்லர்; மக்களுக்காகவே தலைவன் இருக்கிறான், தலைவனுக்காக மக்கள் இல்லை என்பன அவை. நீங்களும் உடல்நலத்தோடு இருக்கும்போதே, நிறுவனப் பணத்தில் வாரிசு எதைத் தொடக்கூடாது, யாரைக் கேட்காமல் எந்த முடிவை எடுக்கக்கூடாது என்பதை ஒரு பக்கத்திற்குள் எழுதி, வங்கிக் கையெழுத்து உரிமையை மாற்றுவதற்கு முன் வாரிசும் மூத்த மேலாளரும் அதைச் சேர்ந்து படித்து ஒப்பமிடச் செய்யுங்கள்.