மரப்பு விலகும் முன்பே மாத்திரை: முழங்கால் மாற்றும்போது போடும் நரம்பு பிளாக்

எனக்கு இரண்டு முழங்கால்களும் மாற்றியாகிவிட்டது, ஏழு மாத இடைவெளியில். இரண்டு தடவையும் காலை ஒன்பது மணிக்குத்தான் ஆபரேஷன். முதல் தடவை, அன்று ராத்திரி மூன்று மணிக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டாம் தடவை அதே மூன்று மணிக்கு நன்றாகத் தூங்கினேன். நடுவில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

முழங்கால் வலியை மேலே கொண்டுபோகும் நரம்புக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவதுதான் நரம்பு பிளாக். மயக்க மருத்துவர் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே ஊசியை நகர்த்துவார். முதுகில் போடும் ஊசி வேறு. அது ஆபரேஷனுக்கானது, சில மணி நேரத்தில் காலுக்கு உயிர் வந்துவிடும். பிளாக் அதற்குப் பிறகான வலிக்கு. ஒரே ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் நிற்கும். மெல்லிய குழாயை உள்ளே வைத்து மருந்து போய்க்கொண்டே இருக்கும்படி செய்தால் இரண்டு மூன்று நாள் வரும்.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருத்துவர் வந்து பேசுவார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரையால் பாதம் ஏற்கெனவே மரத்திருக்கிறதா, பல் பிடுங்கப் போட்ட ஊசி எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, எல்லாவற்றையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம், பிளாக்கை எந்த இடத்தில் போடப்போகிறார் என்று கேளுங்கள். எனக்கு முதல் தடவை தொடை இடுக்கில் போட்டார்கள், ஃபெமோரல் பிளாக். வலி நன்றாக அடங்கியது, ஆனால் தொடைத் தசையும் சேர்ந்து சோர்ந்துவிட்டது. பாத்ரூம் போக எழுந்தேன். கால் ஊன்றிய நொடியில் முட்டி மடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் இடுப்பைப் பிடித்திராவிட்டால் புது மூட்டோடு விழுந்திருப்பேன். இரண்டாம் தடவை தொடையின் நடுப்பகுதியில், உள்பக்கமாகப் போட்டார்கள். அதற்கு அடக்டர் கனால் பிளாக் என்று பெயர். தசை பலம் பெருமளவு தங்கியது, மறுநாள் காலையிலேயே வாக்கர் பிடித்து நடந்தேன். இருந்தாலும் எந்த பிளாக் ஆனாலும் ஆள் துணையில்லாமல் கட்டிலை விட்டு இறங்காதீர்கள். கால் தெளிவாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

பிளாக் முழங்கால் முழுவதையும் மூடாது. எனக்கு முன்பக்கம் ஒன்றுமே தெரியாதபோது முட்டியின் பின்மடிப்பில் மட்டும் இழுத்துப் பிடித்த மாதிரி வலித்தது. ஊசி வேலை செய்யவில்லை என்று பயந்துவிட்டேன். பின்பக்கத்துக்கு வேறு நரம்புகள் வருகின்றன. அதற்காக ஐபேக் என்று தனியாக ஓர் ஊசி உண்டு. ஆபரேஷன் நடக்கும்போதே மூட்டைச் சுற்றி மருந்து செலுத்துவதும் உண்டு. இதில் எதைச் செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். முதல் தடவை ராத்திரி பத்து மணிக்கு நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தபோது, "வலியே இல்லையே, வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த மாத்திரை பத்து மணிக்காகக் கொடுத்தது இல்லை, மூன்று மணிக்காகக் கொடுத்தது. மரப்பு விலகும்போது வலி மெல்ல ஏறாது, ஒரேயடியாக வந்து இறங்கும். அதற்குப் பிறகு விழுங்கினால் மாத்திரை வேலைசெய்யும் வரை அந்த வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் இரண்டாம் தடவை பிளாக் போட்ட நேரத்தை மகள் நோட்டில் குறித்துக்கொண்டாள். மருத்துவர் எழுதிய மாத்திரைகளை வலி இருக்கிறதோ இல்லையோ மணிப்படி வாங்கிக்கொண்டேன். தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள் என்று நர்ஸிடம் சொல்லி வைத்தேன். நீங்களாக எதையும் கூட்டவோ சேர்க்கவோ வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ஆகாது.

மரப்பு விலகுவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஸ்பூன் உதவியது. அதன் பின்பக்கத்தைக் கெண்டைக்காலின் உள்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்துப் பார்ப்பேன். முதலில் ஏதோ தொடுகிறது என்பது மட்டும் தெரிந்தது, குளிர்ச்சி தெரியவில்லை. ராத்திரி ஒரு மணி வாக்கில் லேசாகச் சில்லென்றது. உடனே நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த மருந்துக்கு நேரம் ஆகியிருந்தது, கொடுத்துவிட்டார்.

மரத்த காலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஐஸ் பையைத் துணி சுற்றாமல் வைக்காதீர்கள், வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காமல் அவ்வப்போது நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல் எது வந்தாலும் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் காத்திருக்கக் கூடாது.

தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு திட்டு மட்டும் எனக்கு இன்னும் மரத்தே இருக்கிறது. அது தோலை வெட்டியதால் வந்தது, பலருக்கும் வரும். ஆனால் மருத்துவர் சொன்ன நேரம் தாண்டியும் கால் முழுக்க மரப்பு விலகவில்லை என்றாலோ, பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியவில்லை என்றாலோ, காலையில் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள்.