புது சஸ்பென்ஷன் போட்டதும் வண்டி தூக்கிப் போடுகிறதா? பாகத்தைக் குறை சொல்வதற்கு முன்

பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு நல்ல செட் ஒன்றை மாட்டியாகிவிட்டது. ஆனால் சின்ன வேகத்தடையில்கூட இடுப்பு வரை அடி ஏறுகிறது. இந்த நிலைமையில் பெரும்பாலானோர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். ஒன்று, "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு, மாற்றிவிடலாம்." இன்னொன்று, "கொஞ்ச நாள் ஓடினால் செட் ஆகிவிடும்." இரண்டுமே அவசரம். புது ஸ்பிரிங் ஆரம்பத்தில் சில மில்லிமீட்டர் இறங்கும், உண்மைதான். ஷாக்கின் சீல் இறுக்கமும் லேசாகக் குறையும். அதற்கு மேல் எதுவும் தானாகச் சரியாகாது. தப்பான நிலையில் முடுக்கிய போல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அப்படியேதான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: சஸ்பென்ஷன் அசைய மறுக்கிறதா, இல்லை அசைய இடமில்லாமல் முட்டுகிறதா? மெதுவாகப் போகும்போதே ரோட்டின் ஒவ்வொரு சொரசொரப்பும் சீட்டில் தெரிந்தால் முதல் வகை. நன்றாக ஓடிக்கொண்டிருந்து, பள்ளத்தில் மட்டும் டம்மென்று ஓர் அடி விழுந்தால் இரண்டாவது. இதைப் பிரிக்காமல் எதைக் கழற்றினாலும் குருட்டு வைத்தியம்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன் டயர் காற்றைப் பாருங்கள். வேலை முடிந்து வெளியே வரும் வண்டியில் காற்று அதிகமாக இருப்பது சாதாரணம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவு அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு வேண்டியது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். 32 பிஎஸ்ஐ வேண்டிய இடத்தில் 44 இருந்தால் எந்த ஷாக்கும் காப்பாற்றாது. சஸ்பென்ஷனோடு சேர்த்து வீலையும் மாற்றியிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 195/65 டயரின் பக்கச்சுவர் சுமார் 127 மில்லிமீட்டர், 205/50 டயரில் அது சுமார் 102. மெத்தையில் 2 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. அந்தப் பழி பெரும்பாலும் ஸ்பிரிங் மேல்தான் விழுகிறது.

அடுத்தது, நான் பார்த்தவரை அதிகம் நடக்கும், குறைவாகப் பேசப்படும் தவறு: வீல் தொங்கும்போதே புஷ் (இணைப்புகளில் வரும் ரப்பர் உருளை) போல்ட்டுகளை முடுக்கிவிடுவது.

லோயர் ஆர்ம், டிரெய்லிங் ஆர்ம் (வீலை வண்டியின் உடலோடு இணைக்கும் கைகள்), ஷாக்கின் அடிக்கண் (கீழ்முனை வளையம்) போன்ற இடங்களில் இருக்கும் ரப்பர் புஷ், பேரிங் மாதிரி சுழலாது. ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை முடுக்கினால் உள்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆர்ம் மேலும் கீழும் போவது ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான். முடுக்கிய நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை.

வண்டி ஜாக்கியில் இருக்கும்போது வீல் தொங்கும். 350 மில்லிமீட்டர் நீள ஆர்ம் ஒன்று 80 மில்லிமீட்டர் கீழே தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே முடுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் ஏறக்குறைய 13 டிகிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அது ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். வேண்டாத கூடுதல் ஸ்பிரிங் ஒன்று சேர்ந்த மாதிரிதான். சின்ன மேடுகூட விறைப்பாகத் தெரியும், வண்டி சொன்ன உயரத்தைவிடத் தூக்கலாக நிற்கும், புஷ் சீக்கிரமே கிழியும்.

சரிசெய்யப் புதிய பாகம் வேண்டாம். வண்டியை நான்கு வீலும் ஊன்றி நிற்கும் ராம்பில் ஏற்றி, அந்தப் போல்ட்டுகளை முழுதும் கழற்றாமல் தளர்த்த வேண்டும். வண்டியை மேலும் கீழும் அமுக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, அதன் இடத்தில் உட்கார விட வேண்டும். பிறகு மேனுவலில் உள்ள டார்க்கில் (இறுக்க அளவில்) முடுக்கலாம். ராம்ப் இல்லையென்றால், தரையில் நிற்கும்போது வீலின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 380 மில்லிமீட்டர் என்று வந்தால், ஸ்டாண்டில் ஏற்றிய பின் ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, அதே 380 வரும்வரை தூக்கி முடுக்குங்கள். தூக்கும்போது வண்டி ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிறதா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சில வண்டிகளில் இந்தப் போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அதை மேனுவல் சொல்லும். லீஃப் ஸ்பிரிங்கின் கண் போல்ட்டுகளுக்கும் இதே விதிதான். பால் ஜாயின்ட்டுக்கும், தாராளமாகச் சுழலும் பாலியூரித்தேன் புஷ்ஷுக்கும் இந்தத் தொல்லை கிடையாது.

இனி முட்டும் வகை. வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால், மேலே போக இருந்த இடத்தில் அந்த 40 போய்விட்டது. ஷாக் பழையதாகவே இருந்து, பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் தடுப்புக்கட்டை) பழைய நீளத்திலேயே இருந்தால், வண்டி நிற்கும்போதே ஸ்டாப்பைத் தொடும் தூரத்தில் இருக்கும். பலர் "ஸ்பிரிங் ஹார்டு" என்று திட்டுவது உண்மையில் இந்த ஸ்டாப்பைத்தான்.

சோதிக்க ஒரு பிளாஸ்டிக் ஜிப் டை போதும். ஷாக்கின் பளபளப்பான தண்டு வெளியே தெரிந்தால், தண்டைச் சுற்றி டையை லேசாகக் கட்டி, ஷாக் உடலைத் தொடும்வரை கீழே தள்ளி விடுங்கள். வழக்கமான ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை நிற்கும் இடம்வரை ஷாக் அமுங்கியிருக்கிறது. அது பம்ப் ஸ்டாப்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது. தாழ்த்தும் ஸ்பிரிங்கோடு வரும் குறிப்பில் ஸ்டாப்பை எவ்வளவு வெட்டலாம் என்று இருந்தால் அந்த அளவு மட்டும் வெட்டுங்கள். குட்டை ஸ்டாப் கொடுத்திருந்தால் அதைப் போடுங்கள். ஸ்டாப்பை மொத்தமாக எடுத்துவிடுவது மட்டும் வேண்டாம். அப்புறம் இரும்பும் இரும்பும் மோதும், ஷாக்கின் உள் வால்வு நொறுங்கும்.

அட்ஜஸ்ட் செய்யும் டாம்பர் (ஷாக் அப்சார்பர்தான்) வைத்திருப்பவர்கள் திருகில் செய்யும் தவறு வேறு. கம்பளி போல மென்மை வேண்டாம், கொஞ்சம் பிடிப்பு இருக்கட்டும் என்று திருகை இறுக்கிக்கொண்டே போவார்கள். பல ஒற்றைத் திருகு டாம்பர்களில் அது பெரும்பாலும் ரீபவுண்டைத்தான் மாற்றும், அதாவது அமுங்கியது திரும்பி நீளும் வேகத்தை. அது மிதமிஞ்சி இறுகினால், ஒரு மேட்டில் அமுங்கிய வீல் கீழே வரும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். வரிசையான மேடுகளில் வண்டி படிப்படியாக உட்கார்ந்து கடைசியில் ஸ்டாப்பில் முட்டும். முதல் மேடு பரவாயில்லை, நாலாவது மேடு அடிக்கிறது என்றால் ரீபவுண்டைச் சில கிளிக் தளர்த்துங்கள். கிளிக்கைப் பொதுவாக முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது வழக்கம். கடைசியில் நெம்பித் திருப்பக் கூடாது. இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காயில்ஓவரில் (ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த செட்) ஸ்பிரிங்குக்குக் கீழ் இருக்கும் காலரைத் திருகி ஏற்றினால் ஸ்பிரிங் ஹார்டாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சீரான ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. மில்லிமீட்டருக்கு 6 கிலோ ஸ்பிரிங் மேல் 300 கிலோ நேராக உட்கார்ந்தால் 50 மில்லிமீட்டர் அமுங்கும். முன்கூட்டியே 10 அமுக்கி வைத்திருந்தால் மீதி 40 மட்டும் அமுங்கும், அடுத்த மில்லிமீட்டருக்கு அப்போதும் அதே 6 கிலோதான். மாறியது என்னவென்றால், வீல் கீழே போக இருந்த இடம் 50-லிருந்து 40 ஆகிவிட்டது. இது ரொம்பக் குறைந்தால் பள்ளத்தில் வீல் இறங்கும்போது டொக்கென்று மேல் முனையில் அடிக்கும். அதையும் ஹார்டு ரைடு என்றே புரிந்துகொள்கிறோம்.

சின்னச் சின்ன மாட்டல் கோளாறுகளும் உண்டு. ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் உட்காராமல் இருப்பது, நடுவில் வரும் ரப்பர் பேடை மறந்துவிடுவது, நொந்துபோன பழைய டாப் மவுண்டையே (ஷாக்கின் மேல்முனையை வண்டியின் உடலோடு பிடிக்கும் பாகம்) திரும்பப் போடுவது, ஸ்டெபிலைசர் லிங்க்கை (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) வீல் தொங்கும்போது வலுக்கட்டாயமாக இழுத்து மாட்டுவது. ஷாக் தண்டை பிளையரால் பிடித்து நட்டை முடுக்கியிருந்தால் தண்டில் கீறல் விழுந்து சீல் கிழிந்து எண்ணெய் கசியும். அது வாரன்ட்டியில் வராது.

இவ்வளவும் சரியாக இருந்தும் வண்டி அடித்தால், அப்போதுதான் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு வண்டியின் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். ஸ்பிரிங் ஆர்மில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வீலுக்குப் போகும் விறைப்பு மாறும். வீல் 10 நகரும்போது ஸ்பிரிங் 7 மட்டும் அமுங்கும் அமைப்பில், 6 கிலோ ஸ்பிரிங் வீலில் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தெரியும். பிக்கப்களிலும் ஆஃப் ரோடு வண்டிகளிலும் கதை இன்னும் நேரடியானது: எப்போதும் 300 கிலோ சுமக்கும் வண்டிக்கான பின் ஸ்பிரிங்கை, வருஷத்துக்கு ஒரு பயணத்துக்காக மாட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் காலியாக ஓட்டுவது. மாற்றுவதற்கு முன் வழக்கமான சாமான்களோடும் ஆட்களோடும் எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களைச் சொல்லி ஸ்பிரிங் கேளுங்கள்.