வானத்தை வெளுக்க வைக்கும் கை: ஜப்பானிய மர அச்சில் பொகாஷி

ஜப்பானிய ஓவியர்களான ஹொகுசாய், ஹிரோஷிகே ஆகியோரின் நிலக்காட்சி அச்சுகளில் வானத்தின் மேல்விளிம்பு அடர்நீலமாகத் தொடங்கி, கீழே இறங்க இறங்கத் தடமே தெரியாமல் வெளுத்துவிடும். அச்சிடும் மரக்கட்டையில் ஏதோ நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அந்த இடத்தில் கட்டை வெறும் சமதளம். நிறம் கரைவது அச்சிடுபவரின் தண்ணீராலும் தூரிகையாலும். இதைத்தான் பொகாஷி என்கிறார்கள். ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட ஓஹாஷி பாலத்து மழைக் காட்சியில் கருமேகத்தின் வடிவம் பிரதிக்குப் பிரதி மாறுவதும் இதனால்தான்.

இதை நீங்களே செய்து பார்க்க, அச்சிடுவதற்கு முந்தைய நாளே தாளை நனைத்து வையுங்கள். கோசோ என்னும் காகித மல்பெரிப் பட்டை நாரால் செய்து, விலங்குப் பசையும் படிகாரமும் பூசிய வாஷி என்னும் ஜப்பானியத் தாள் வேண்டும். அகலமான தூரிகையால் ஒன்றுவிட்டு ஒரு தாளுக்கு மட்டும் தண்ணீர் தடவி, அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே பலகை வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாள் கன்னத்தில் பட்டால் குளிர வேண்டும், ஆனால் நீர் மினுங்கக் கூடாது. ஈரம் சரியில்லையென்றால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

கட்டையில் நிறத்தோடு சேர்க்கும் பசைக்கு ஒரு பங்கு அரிசி மாவை ஏறக்குறைய ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போலத் தெளியும்வரை கிண்டிக் காய்ச்சுங்கள். ஆறியதும் கெட்டித் தயிர்ப் பதத்தில் இருக்கும். நிறத்துக்குப் பிரஷ்யன் நீலம். மிக வீரியமானது, நீர்க்கவே கரையுங்கள்.

முதலில் கட்டையை ஈரத்துணியால் இருமுறை துடையுங்கள். உலர்ந்த மரம் நிறத்தைக் குடித்துவிடும். பிறகு, நிறம் முடிய வேண்டிய இடத்தையும் அதற்குச் சற்று மேலேயும் நன்கு ஈரப்படுத்துங்கள். அடர்த்தி வேண்டிய விளிம்பில் மட்டும் நிறத்தை நான்கைந்து சொட்டாக வைத்து, பக்கத்தில் இரண்டு அரிசிமணி அளவு பசை வையுங்கள். குதிரைமயிர்த் தூரிகையின் ஒரு முனையில் மட்டும் நிறம் இருக்கட்டும், மறுமுனையில் தண்ணீர். நிற முனை விளிம்புப் பக்கம் இருக்கும்படி பிடித்து, இடவலமாக மட்டும் இழுங்கள். மேலும் கீழுமாக ஒருபோதும் இழுக்காதீர்கள். ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்து, கடைசி இரண்டு இழுப்பை மயிர் நுனி மட்டும் தொடும்படி முடியுங்கள். தூரிகையின் மயிர் விறைப்பாக இருந்தால் கோடு விழும். சுறாத்தோலில் தேய்த்து நுனியைப் பிளந்து மென்மையாக்குவது ஜப்பானிய வழக்கம்.

இனித் தாள். தாள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பொருந்துவதற்காகக் கட்டையின் ஓரத்தில் வெட்டியிருக்கும் கென்தோ அடையாளங்களில், வலக்கை மூலையில் உள்ள எல் வடிவக் கொக்கியில் தாளின் மூலையை முதலில் பொருத்தி, அடுத்து இடப்பக்க நேர்க்கோட்டில் விளிம்பைச் சேர்த்து, மெதுவாகப் படிய விடுங்கள். மூங்கில் உறை போர்த்திய வட்டத் தேய்ப்பானான பாரெனால், அடர்ந்த பக்கத்தில் அழுத்தியும் வெளுத்த பக்கத்தில் இலேசாகவும் தேயுங்கள். உறையில் எப்போதாவது ஒரு துளி காமெலியா எண்ணெய் தடவினால் வழுக்கும்.

ஒரே அச்சில் முழு அடர்த்தியையும் எதிர்பார்க்காதீர்கள். அகலமான வெளிர் பொகாஷியை முதலில் அடித்து, அதே தாளில் குறுகலான அடர் பட்டையை இரண்டாவதாக ஏற்றினால் கிடைக்கும் ஆழம் அலாதியானது. இதில் அவசரப்படுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

நிறம் முடியும் இடத்தில் கோடு விழுந்தால், ஈரம் போதவில்லை அல்லது தூரிகை அங்கே நின்றுவிட்டது. நிறம் நாரோடு ஓடிப் பரவினால் தண்ணீர் மிகை, இல்லையேல் தாளின் பூச்சு பலவீனம். எள் தூவியதுபோலப் புள்ளி விழுந்தால் தாள் உலர்ந்திருக்கிறது, பசை குறைவு அல்லது அழுத்தம் போதவில்லை. ஜப்பானியர் இதைக் கோமா என்கிறார்கள், சில இடங்களில் வேண்டுமென்றே செய்வதுமுண்டு. பசை மிகுந்தால் தூரிகைத் தடம் அப்படியே பதியும்.

அடுத்த நிறத்துக்கான கட்டையில் அச்சிடும்போது நிறம் இடம் விலகினால் குற்றம் கென்தோவில் இல்லாமலும் இருக்கலாம்: தாள் இடையில் உலர்ந்து சுருங்கியிருக்கும். அச்சிட்டதையும் அச்சிடாததையும் தனித்தனியே ஈர உறைக்குள் வைத்து, ஒரு நிறத்தை எல்லாத் தாளிலும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஆனால் ஈர அடுக்கை வெப்பநாளில் மூன்று நான்கு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் ஒற்றுத்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே பலகை ஏற்றி, ஒற்றுத்தாளைத் தினமும் மாற்றி உலர்த்துங்கள்.