கையால கலந்தாதான் மாவு பொங்குமா? வீட்டுலயே ஒரு ஒழுங்கான சோதனை செஞ்சு பார்க்கலாம் வாங்க

எங்க வீட்டுல ராத்திரி மாவு அரைச்சு முடிச்சதும் அம்மா உப்பு போட்டு கைய விட்டு நல்லா அளைஞ்சுதான் மூடி வைப்பாங்க, கரண்டியால கலக்கினா மறுநாள் இட்லி கல்லு மாதிரி வரும்னு சொல்லுவாங்க. பக்கத்து வீட்டு அக்கா வருஷக்கணக்கா கரண்டியாலதான் கலக்கறாங்க, அவங்க வீட்டு இட்லியும் பஞ்சு மாதிரிதான் இருக்கு. அப்போ யார் சொல்றது சரி?

நான் பிளஸ் டூ பசங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கறேன். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவுன்னு நாலு கட்டம் போட்டு நடுவுல அம்புக்குறி போடச் சொன்னா எல்லாரும் அழகா போட்டுடுவாங்க, ஆனா இந்த மாவு கேள்விய குடுத்து ஒரு சோதனை நீயே யோசிச்சு எழுதுடான்னா பேனா நகராது. அதனால அந்த நாலு கட்டத்த ஓரமா வெச்சிட்டு மாவுலயே செஞ்சு காட்டறேன். பொறுமையா படிங்க.

முதல்ல கேள்விய சின்னதா ஆக்கணும். "கையால கலந்தா இட்லி நல்லா வருமா"ன்னு கேட்டா நல்லான்னா என்னன்னு ஆளாளுக்கு ஒன்னு சொல்லுவாங்க, அத அளக்க முடியாது. "கையால கலந்த மாவு 10 மணி நேரத்துல கரண்டியால கலந்த மாவ விட அதிக உயரம் பொங்குமா"ன்னு கேளுங்க, இத ஒரு ஸ்கேல் வெச்சு அளந்துடலாம். அடுத்து உங்க கணிப்பு என்னன்னு ஒரு நோட்டுல எழுதிடுங்க, கூடவே எது வந்தா என் கணிப்பு தப்புன்னு ஒத்துக்குவேன்னும் எழுதுங்க. மாவ தொடறதுக்கு முன்னாடியே எழுதணும், அதுதான் முக்கியம். ரிசல்ட் பார்த்தப்பறம் எழுதினா மனசு தனக்கு சாதகமா வளைச்சுக்கும், நம்ம எல்லாருக்கும் அப்படித்தான்.

இப்போ ஒரு விஷயத்த கிட்ட போய் பார்ப்போம். "கை"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம், ஆனா கைய விட்டு அளையும்போது மூணு விஷயம் ஒன்னா நடக்குது. கையில இருக்கற நுண்ணுயிர் மாவுக்குள்ள போகுது, கையோட சூடு மாவுல ஏறுது, அப்பறம் விரல் விட்டு அளையறதுல காத்து கலக்கற விதமும் கரண்டிக்கு வேற மாதிரி. நாளைக்கு கை ஜெயிச்சாலும் இந்த மூணுல எது ஜெயிச்சதுன்னு உங்களுக்கு தெரியாது. மாவு பொங்க முக்கிய காரணமான லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ்ங்கற பாக்டீரியா உளுந்துலயும் அரிசியிலயும் இயற்கையாவே இருக்கு, அது விடற கார்பன் டை ஆக்சைடுதான் மாவ மேல தூக்குது, அப்படின்னா கையிலேந்து புதுசா பாக்டீரியா போகணும்னு கட்டாயமே இல்லயேன்னு ஒருத்தர் கேட்கலாம். கேட்கணும்.

அதனால ரெண்டு குரூப் பத்தாது, மூணு வேணும். வெறும் கை, கிளவ்ஸ் போட்ட கை, கரண்டி. கிளவ்ஸ் போட்ட கையில சூடு பெரும்பாலும் இருக்கும், அளையற விதமும் அதேதான், தோல்ல இருக்கற நுண்ணுயிர் மட்டும் மாவுக்கு போகாது. வெறும் கையும் கிளவ்ஸ் கையும் ஒரே மாதிரி பொங்கி கரண்டி மட்டும் கம்மியா இருந்தா அது நுண்ணுயிர் விஷயம் இல்லன்னு தெரிஞ்சுடும். ஒரு சாதாரண கிளவ்ஸ் எவ்வளவு பெரிய கேள்விக்கு பதில் சொல்லுது பாருங்க, எனக்கு சோதனைய வடிவமைக்கறதுலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

ஒன்ன மட்டும் மாத்து, மத்ததெல்லாம் அப்படியே வைங்கறதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1747ல சாலிஸ்பரிங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல ஜேம்ஸ் லிண்டுன்னு ஒரு டாக்டர் இருந்தார், மாலுமிங்களுக்கு ஈறுல ரத்தம் வடியற ஸ்கர்வி நோய் வந்திருந்துது. அவர் ஒரே மாதிரி அறிகுறி இருந்த 12 பேர எடுத்து, ஒரே இடத்துல படுக்க வெச்சு, ஒரே சாப்பாடு குடுத்து, ரெண்டு ரெண்டு பேரா ஆறு ஜோடியா பிரிச்சு ஒவ்வொரு ஜோடிக்கும் வேற வேற மருந்து குடுத்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் ரசத்துல செஞ்ச சைடர், ஒன்னுக்கு வினிகர், ஒன்னுக்கு கடல் தண்ணி, இப்படி. தினம் ரெண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் சாப்பிட்ட ஜோடிதான் சீக்கிரம் எழுந்துது, இத்தனைக்கும் ஆறே நாள்ல பழம் தீர்ந்துபோச்சு. ஆளுக்கு ஒரு சாப்பாடு ஆளுக்கு ஒரு இடம்னு இருந்திருந்தா அந்த ரெண்டு பேர் எதனால தேறினாங்கன்னு யாராலயும் சொல்லியிருக்க முடியாது. ஆனா 1753ல அவர் இத புத்தகமா போட்டும் கடற்படை எலுமிச்சைச் சாற அதிகாரப்பூர்வமா குடுக்க ஆரம்பிச்சது 1795லதான், நடுவுல எத்தனை பேர் போயிருப்பாங்கன்னு நினைச்சா இன்னமும் மனசு கஷ்டமா இருக்கு.

சரி மாவுக்கு வருவோம். உப்பு எல்லாத்துக்கும் ஒரே அளவு போகணும், அதனால மொத்த மாவுலயும் மொதல்லயே போட்டு கரண்டியால ஒரு சுத்து சுத்திடுங்க. நேரா இருக்கற கண்ணாடி டம்ளர் 9 எடுங்க, ஒரு குரூப்புக்கு மூணு, மேல அகலமா கீழ குறுகலா இருக்கறது வேணாம், அதுல உயரம் ஏறினது உண்மையில எவ்வளவு மாவுன்னு சொல்லாது. எவர்சில்வர் டம்ளர்ல உள்ள தெரியாது. மாவு கெட்டியா இருக்கறதால அளவு கப்புல ஊத்தினா ஓரத்துல ஒட்டிக்கும், கிச்சன் தராசு இருந்தா ஒவ்வொன்னுலயும் 80 கிராம் எடை போட்டே ஊத்துங்க.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, நானும் மொத தடவ இதத்தான் பண்ணேன். ஒரு குண்டான்ல கையால கலந்து அத மூணு டம்ளர்ல ஊத்திட்டு மூணு தடவ சோதனை பண்ணிட்டேன்னு நினைச்சேன். அது மூணு தடவ இல்ல, ஒரே தடவ கலந்தத மூணு தடவ அளந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு டம்ளர் மாவையும் தனித்தனி கிண்ணத்துல எடுத்து, மணி பார்த்து சரியா 2 நிமிஷம் கலந்து, டம்ளர்ல போட்டு, அடுத்ததுக்கு போறதுக்கு முன்னாடி கை கரண்டி எல்லாத்தையும் கழுவித் தொடைச்சு, கிளவ்ஸ் புதுசு மாத்தணும். கொஞ்சம் வேலைதான் ஆனா அப்பதான் மூணுங்கறது மூணு.

எந்த டம்ளர் எந்த குரூப்னும், எது எந்த இடத்துல இருக்கணும்னும் சீட்டு குலுக்கிப் போடுங்க. அதே மொத தடவ நான் கை டம்ளர் மூணையும் அடுப்பு மேடை பக்கமா வெச்சுட்டேன், ராத்திரி பால் காய்ச்சினது, காலைல காபி போட்டதுன்னு அந்தப் பக்கம் சூடாவே இருந்துருக்கு, கை டம்ளர்தான் பொங்கி நின்னுது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பறம் யோசிச்சா அது கை செஞ்சதா அடுப்பு செஞ்சதான்னு சொல்லவே முடியல, மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சேன். சென்னை மே மாசத்துல சீக்கிரம் பொங்கற மாவு ஊட்டி டிசம்பர்ல அப்படியே கிடக்கும், சூட்டுக்கு அவ்வளவு சக்தி இருக்கு.

டம்ளர் மேல கை, கரண்டின்னு எழுதாதீங்க, 1லேந்து 9 வரைக்கும் நம்பர் மட்டும். எந்த நம்பர் எதுன்னு கலக்கறவங்க ஒரு பேப்பர்ல எழுதி மடிச்சு வெச்சுக்கட்டும், அளக்கறவருக்கு தெரியவே கூடாது. தெரிஞ்சா 3.1ஆ 3.2ஆன்னு சந்தேகம் வர்ற இடத்துல கண்ணு தன் ஆள் பக்கம் சாயும், நேர்மையான ஆளுக்கும் சாயும்.

மாவு ஊத்தின உடனே அந்த மட்டத்துல ஒரு டேப் ஒட்டிடுங்க. 8, 10, 12 மணி நேரத்துல அளங்க, ஏன்னா மாவு பொங்கி உச்சிக்கு போய் அப்பறம் அமுங்கும், ஒரே ஒரு தடவ அளந்தா சீக்கிரம் பொங்கி அமுங்கினத பொங்கவே இல்லன்னு எழுதிடுவீங்க. பேனாவுல எழுதுங்க. தப்பா எழுதிட்டா மேல ஒரே ஒரு கோடு போட்டு பக்கத்துல சரியானத எழுதுங்க, வொய்ட்னர் போடாதீங்க, அடிச்ச நம்பரும் படிக்கற மாதிரி இருக்கணும்.

நம்பர் வந்ததும் சராசரி மட்டும் பார்த்து குதிக்காதீங்க. சும்மா உதாரணத்துக்கு போடறேன், கை மூணும் 3.2, 2.6, 3.5 சென்டிமீட்டர் ஏறிருக்கு, கரண்டி 3.0, 3.4, 2.5 ஏறிருக்குன்னு வைங்க. சராசரி 3.1, 2.97. கை ஜெயிச்ச மாதிரி தெரியும். ஆனா ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 0.13தான், கை டம்ளர்களுக்குள்ளயே ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் 0.9 வரைக்கும் போகுது. தனக்குள்ளயே அவ்வளவு ஆடற இடத்துல 0.13ஐ வெச்சு எதுவும் சொல்ல முடியாது. "இந்த சோதனையில வித்தியாசம் தெரியல"ன்னு எழுதுங்க, "வித்தியாசமே கிடையாது"ன்னு எழுதாதீங்க, ரெண்டும் வேற. இன்னொரு நாள் புது மாவுல மறுபடி செய்யுங்க.

இப்போ பாதுகாப்பு. இத கடைசியில ஒரு பக்கம் படிச்சுட்டு மறக்கற விஷயமா வெச்சிருக்கோம், எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. எது தப்பா போகும்னு முன்னாடியே யோசிக்கறதுதான் நல்ல சோதனை, பாதுகாப்புக்கும் அதே யோசனைதான். மாவுலயே பாருங்க, உள்ள கேஸ் வந்துட்டே இருக்கு, ஜாடி மூடிய இறுக்கி திருகி வெச்சா அழுத்தம் ஏறி மூடி தெறிக்கலாம், கண்ணாடியே விரியலாம். அதனால துணி இல்லன்னா தட்டு போட்டு லேசா மூடினா போதும்.

ஸ்கூல் லேபுக்கு போனா இந்த யோசனை இன்னும் நிறைய வேணும். சல்ஃப்யூரிக் ஆசிட்ட நீர்க்கும்போது தண்ணியில ஆசிட்ட கொஞ்சம் கொஞ்சமா விட்டு கலக்கணும், ஆசிட்ல தண்ணி ஊத்தவே கூடாது. ஆசிட் தண்ணிய விட கனம், தண்ணி மேலயே நிக்கும், சேர்ற இடத்துல பயங்கர சூடு கிளம்பி தண்ணி கொதிச்சு ஆசிட்டோட மூஞ்சில தெறிக்கும். கண்ணுல பட்டா யோசிக்காம ஓடற தண்ணியில கண்ண திறந்து வெச்சு குறைஞ்சது 15 நிமிஷம் கழுவிட்டு அப்பறம் டாக்டர்கிட்ட போங்க.

பியூரெட்ட, அதாவது திரவத்த சொட்டு சொட்டா அளந்து விடற நீளக் கண்ணாடிக் குழாய, ஸ்டாண்டுல உசரத்துல மாட்டிட்டு எக்கி நின்னு ஊத்தறாங்க பசங்க, வேணவே வேணாம், குழாயோட வாய் கண்ணுக்கு கீழ வர்ற மாதிரி இறக்கிட்டு ஊத்துங்க. ஊத்தினதும் புனல எடுத்துடுங்க, அதுல ஒட்டிட்டு இருக்கற சொட்டு டைட்ரேஷன், அதாவது சொட்டு சொட்டா விட்டு அளக்கற சோதனை, நடுவுல விழுந்தா ரீடிங்கே போச்சு. பியூரெட்ல ஊத்தற பர்மாங்கனேட் கலர் அடர்த்தியா இருக்கறதால திரவ மட்டத்தோட மேல் விளிம்பத்தான் படிக்கணும். திரவத்த அளந்து எடுக்கற பிப்பெட்ட வாயால உறிஞ்சாதீங்க, நான் படிக்கும்போது கூட படிச்ச ஒருத்தன் ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல வாய்க்குள்ள இழுத்துட்டு துப்பித் துப்பி அழுதது இன்னும் கண்ணுல நிக்குது, ரப்பர் பல்ப் கேட்டு வாங்குங்க. ஸ்பிரிட் லாம்ப் எரியும்போது ஸ்பிரிட் ஊத்தாதீங்க, வெயில் வெளிச்சத்துல அந்த சுடர் கண்ணுக்கே சரியா தெரியாது, அணைக்கும்போது ஊதாம மூடி போட்டு மூடுங்க. டெஸ்ட் டியூப் சூடு பண்ணும்போது அதோட வாய் பக்கத்துல யாரும் நிக்கக்கூடாது. துப்பட்டாவ முடிச்சு போட்டு, முடிய கட்டிட்டு வாங்க.

கிளவ்ஸ் போட்டாச்சு இனி பயமில்லன்னு மட்டும் நினைக்காதீங்க. அமெரிக்காவுல டார்ட்மத் கல்லூரியில கேரன் வெட்டர்ஹான்னு ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியை, நச்சு உலோகங்கள பத்தி ஆராய்ச்சி பண்ணவங்க, 1996 ஆகஸ்ட்ல டைமெத்தில் மெர்குரிங்கற கொடிய பாதரச விஷம் ஒன்னு ரெண்டு சொட்டு அவங்க கிளவ்ஸ் மேல விழுந்துது. அவங்க போட்டிருந்தது லேடெக்ஸ், அதாவது ரப்பர் கிளவ்ஸ். அந்த திரவம் லேடெக்ஸ நொடிக் கணக்குல தாண்டிடும்னு பின்னாடி சோதிச்சுப் பார்த்துதான் தெரிய வந்துது. மாசக்கணக்கா ஒன்னும் தெரியல, அப்பறம் நடை தடுமாறி, பேச்சு குழறி, 1997 ஜூன்ல இறந்துட்டாங்க. அவங்க கவனமாத்தான் வேலை பார்த்தாங்க. அதனால எந்த கெமிக்கலுக்கு எந்த கிளவ்ஸ்னு பாட்டிலோட வர்ற பாதுகாப்பு விவரத்தாள பார்த்துட்டு போடுங்க, இல்லன்னா சார்கிட்ட கேளுங்க, கிளவ்ஸ் போட்ட கையால போன தொடாதீங்க, மூக்க சொறியாதீங்க.

டம்ளர் எல்லாம் அளந்து முடிச்சா கழுவற வேலை. சோப்பும் வெந்நீரும் போதும், நல்லா சுத்தமாகட்டும்னு பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவற ஆசிட்டையும் சேர்த்துடாதீங்க, குளோரின் கேஸ் வரும், மூச்சு அடைச்சுடும். சோதனைக்கு வெச்ச மாவ டேஸ்ட் பார்க்காதீங்க, நல்ல மாவா இருந்தாலும் சோதனைக்கு போனது சாப்பாட்டுக்கு வரக்கூடாது, இந்தப் பழக்கம் வீட்டுலயே வந்தாதான் லேப்ல வரும். அன்னைக்கு இட்லிக்குன்னு தனியா ஒரு குண்டான் மாவு எடுத்து வெச்சுடுங்க, அத அம்மா எப்படி கலக்கணும்னு சொல்றாங்களோ அப்படியே கலக்கட்டும்.