ஜிசிசி கம்பைலரில் புது கான்ஃபிகர் ஆப்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கேட்பவர்கள் மூன்று வகை: ஐஸ்கிரீம் போடச் சொல்பவர், வேண்டாம் என்பவர், எதுவுமே சொல்லாதவர். ஜிசிசி என்பது சி, சி++ கோடை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர். அதை பில்ட் செய்யும் முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டில், ஒரு வசதியை ஆன் அல்லது ஆஃப் செய்ய நீங்கள் சேர்க்கும் எனேபிள் ஆப்ஷனுக்கும் இதே மூன்று நிலைதான்: எனேபிள், டிஸேபிள், எதுவும் சொல்லாதது. புதிதாக பேட்ச் (கோடு மாற்றம்) எழுதுவோர் சறுக்கும் இடமும் இதுதான்.

இந்த ஆப்ஷனை அறிவிக்கும் ஏசி_ஆர்க்_எனேபிள் மேக்ரோவின் மூன்றாவது ஆர்க்யுமென்ட், ஆன் செய்தால் மட்டும் ஓடுவது அல்ல. ஆப்ஷன் பெயர் கட்டளையில் வந்தாலே ஓடும். அங்கே நேராக 'யெஸ்' என்று எழுதினால், டிஸேபிள் கொடுத்தவருக்கும் ஆன் ஆகிவிடும். ஐஸ்கிரீம் என்று காதில் விழுந்ததுமே கரண்டியை எடுப்பது மாதிரி. பயனர் கொடுத்த மதிப்பு இருக்கும் எனேபிள்வால் மாறியை கேஸ் போட்டுப் பிரியுங்கள்: யெஸ், நோ, வேறு எது வந்தாலும் பிழை காட்டி நிறுத்தும் ஏசி_எம்எஸ்ஜி_எரர். எதுவும் சொல்லாதவருக்கு நான்காவது ஆர்க்யுமென்ட்.

அடுத்தது, 0 அல்லது 1 என்று டிஃபைன் செய்துவிட்டு சி++ கோடில் இஃப்டெஃப் (பெயர் டிஃபைன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது) போடுவது. மதிப்பு 0 என்றாலும் பெயர் இருக்கிறதே, நிபந்தனை எப்போதும் உண்மைதான். மதிப்பைப் பார்க்கும் வெறும் இஃப் போதும்.

கான்ஃபிகர் ஃபைலைக் கையால் திருத்தவே கூடாது. கான்ஃபிகர்.ஏசி-யைத் திருத்தி, அதே டைரக்டரியில் கான்ஃபிகரை உருவாக்கும் ஆட்டோகான்ஃப், கான்ஃபிக்.இன்-க்கு (டிஃபைன்களின் வார்ப்புரு) ஆட்டோஹெடர் ஓட்டுங்கள். ஆட்டோகான்ஃப் பதிப்பு 2.69 ஆக இருக்கவேண்டும். உபுண்டு 22.04-இல் வழக்கமாக வருவது 2.71, அதில் ஓட்டினால் சரியாக 2.69 தான் வேண்டும் என்ற பிழையோடு நின்றுவிடும்.

சோதிக்க முழு பில்ட் வேண்டாம். சோர்ஸுக்கு வெளியே மூன்று புது டைரக்டரி: ஒன்றில் எனேபிள், ஒன்றில் டிஸேபிள், ஒன்றில் எதுவுமில்லாமல். மூன்றிலும் டிஸேபிள்-பூட்ஸ்ட்ராப் (கம்பைலர் தன்னையே மீண்டும் கம்பைல் செய்யும் பூட்ஸ்ட்ராப் வேண்டாம் என்பது) சேர்த்து கான்ஃபிகர் ஓட்டுங்கள். மேல்மட்ட கான்ஃபிகர் முடிந்ததுமே தேடினால், டிஃபைன்கள் எழுதப்படும் ஆட்டோ-ஹோஸ்ட்.ஹெச் இருக்காது, மேக் கான்ஃபிகர்-ஜிசிசி கொடுத்த பிறகுதான் ஜிசிசி டைரக்டரிக்குள் வரும். அதில் உங்கள் ஆப்ஷனின் டிஃபைன் பெயரை கிரெப் கட்டளையால் தேடி மூன்றையும் ஒப்பிடுங்கள்.

நிறுவல் கையேடான இன்ஸ்டால்.டெக்ஸி-யில் விளக்கம் சேர்க்காமல் பேட்ச் அனுப்பாதீர்கள்.

கடைசியாக முழு பூட்ஸ்ட்ராப். லேபில் மின்தடை அறிவித்த நாளில் தொடங்கவேண்டாம். நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதிய ஆப்ஜெக்ட் ஃபைல் 0 பைட்டோடு கிடக்கலாம். மேக் அதை முடிந்த வேலையாக எடுத்துக்கொள்ளும், பிழை லிங்க் நேரத்தில் எங்கோ வெடிக்கும். அந்த பில்ட் டைரக்டரியை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்.